நேரில் பார்த்தேன்

அத்தியாயம் 14

காலை ஆறே காலுக்கு அழைப்பு மணி அடித்தால் அது ஒன்று பால்காரர், இல்லாவிட்டால் மைத்துனன். கணக்கு வாத்தியார் இருபது வருட இல்லறத்தில் கண்டுபிடித்த சூத்திரம் இது.

பால் ஏற்கெனவே அடுப்பில் இருந்தது.

"உன் தம்பிதான்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பம்பரம் இந்த நேரத்துல சுத்துதுன்னா ஏதோ விவகாரம்."

சாப்பாட்டு மேசையில் கோப்புகளைப் பரப்பியிருந்த அவர் மனைவி நிமிரவில்லை. "உக்காரச் சொல்லுங்க. எனக்கு இன்னைக்குப் பேச நேரமில்லை."

நேரம் இருந்தது. தெம்புதான் இல்லை. நேற்று இரவு உறங்கியதாக ஞாபகமே இல்லை.

நீதிமன்றத்தில் அவளுக்குப் 'பொடியெழுத்து' என்று பெயர். பாலிசியின் கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸில் அச்சாகியிருக்கும் நிபந்தனைகளைப் பார்க்காமலே ஒப்பிப்பாள். கடுப்பில் எவரோ வைத்த பெயர், வருஷம் ஏற ஏற மரியாதையாகிவிட்டது. நசுங்கிய கார் கதவு, உடைந்த கண்ணாடி என்று இரண்டு பக்க வழக்குகளில் தொடங்கியவள். இருபத்திரண்டு வருடம் கழித்து இன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எந்தப் பெரிய வழக்கும் அவள் கண்ணில் படாமல் நகராது.

இந்த வாரம் அதற்கு முத்திரை விழப்போகிறது. கம்பெனியின் எல்லா வழக்குகளுக்கும் தலைமை வழக்கறிஞர். கடிதம் தயார். "இந்த மரக்கடை கேஸ் முடியட்டும் மேடம், கையிலேயே தர்றேன்" என்று சட்டப் பிரிவு மேனேஜர் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தார்.

மரக்கடை கேஸ். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மரச்சாமான் கடை எரிந்து சாம்பலானது. கம்பெனி இழப்பீடு தர மறுத்தது. பின்னறையில் வார்னிஷ் டின்கள் இருந்ததைக் கடைக்காரர் விண்ணப்பத்தில் மறைத்துவிட்டார் என்பது காரணம். "மறைக்கலைம்மா. வந்த ஏஜென்ட்டுக்குக் கதவைத் திறந்து காட்டினேன். அவர்தான் எழுதினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்" என்றார் கடைக்காரர். மூன்று வாரத்துக்கு முன் குறுக்கு விசாரணையில் அவரை அவள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள். காட்டியதற்கு ஆதாரம் உண்டா, சாட்சி உண்டா, ரசீது உண்டா? மனிதர் கூண்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று கம்பெனி தரப்பு ஏஜென்ட் கூண்டேற வேண்டும். ஏஜென்ட் யாரென்று அவளுக்குத் தெரியாது. கோப்பில் வெறும் ஆறு இலக்க எண்தான் இருக்கிறது. ஆளை அழைத்து வருவது கிளை அலுவலகத்தின் பொறுப்பு.

"அக்கா."

தம்பியின் குரலில் வழக்கமான சுழற்சி இல்லை. அப்போதுதான் நிமிர்ந்தாள். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நின்றிருந்தாள், தோளில் உறங்கும் பெண் குழந்தையோடு. கையில் பழுப்பு உறை.

"என்னடா இது, குடும்பத்தோட?"

"சம்மன் வந்திருக்கு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "என் பேர்ல. மரக்கடை ஏதோ எரிஞ்சுபோச்சாமே, அதுக்கு இன்னைக்குச் சாட்சி சொல்லணுமாம். எனக்கு ஒண்ணும் புரியலை."

வக்கீல் உறையை வாங்கினாள். வழக்கு எண்ணைப் பார்த்தாள். மேசை மேலிருந்த கோப்பின் அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் உறை.

ஒரே எண்.

"ஏஜென்ட் லைசென்ஸ் உன் பேர்ல இருக்கா?"

"என் பேர்லதான் அண்ணி. இவரு வேலை பார்க்கிற ஆபீஸ்ல வேற தொழில் பண்ணக் கூடாதாம். அதனால லைசென்ஸ் எனக்கு, வேலை அவருக்கு. நான் கையெழுத்து மட்டும் போடுவேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும். வெறும் படிவமா கொண்டு வந்து மொத்தமா நீட்டுவாரு. குழந்தைக்கு ஊட்டிக்கிட்டே போட்டுக் குடுத்திருக்கேன்."

கணக்கு வாத்தியார் பாலைக் கீழிறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். "மாப்ள, இது என்னய்யா புது மாதிரி? கல்யாணம் பண்ணும்போது ஒரு கையெழுத்துதானே கேட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா, பெரிய விஷயமே இல்லை" என்று ஆரம்பித்தான் பம்பரம். "ஊரெல்லாம் நடக்கிறதுதான். சின்ன பாலிசிக்கு கம்பெனி இன்ஜினியர் வரமாட்டான். ஏஜென்ட்டே கடையைப் பார்த்து, 'நேரில் பார்த்தேன், தீப்பற்றும் பொருள் எதுவும் இல்லை'ன்னு ஒரு சான்று குடுத்தா போதும். அந்தச் சான்றுதான் இது. இவ கூண்டுல ஏறி 'ஆமா, பார்த்தேன்'னா முடிஞ்சுது. உன் கேஸும் ஜெயிக்கும். எல்லாருக்கும் நல்லது."

அவன் நீட்டிய கைப்பேசியில் சான்றின் படம். அவள் அதை வாங்கித் தள்ளிப் பிடித்துப் படித்தாள். கிட்டப் பிடித்தும் படித்தாள்.

"இந்தத் தேதியை எழுதினது யாரு?"

"நான்தான். மாசக் கடைசி. அன்னைக்குள்ள பாலிசி போகலேன்னா அந்த மாசக் கணக்குல சேராது."

"என்ன நாள்டா அது?"

"சொன்னேனே, மாசக் கடைசி."

"பாப்பா பொறந்த நாள்" என்றாள் தம்பி மனைவி மெதுவாக.



வக்கீலுக்கு அந்த நாள் அப்படியே கண்முன் விரிந்தது. காலை ஏழிலிருந்து ராத்திரி ஒன்பது வரை பிரசவ வார்டில் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை வராண்டாவுக்கு வந்தபோது, பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு இவன் எழுதிக்கொண்டிருந்தான். "உள்ள பொண்டாட்டி துடிக்கிறா, நீ என்னடா பரீட்சை எழுதறே?" என்று திட்டியதும் ஞாபகம் வந்தது.

பரீட்சைதான் எழுதியிருக்கிறான். வினாத்தாள் இன்றைக்கு வந்திருக்கிறது.

"நீயாவது அந்தக் கடைக்குப் போனியா?"

பம்பரம் கைப்பேசியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"போனேன்க்கா. அதுக்கு நாலு நாள் முன்னாடி."

"பின்னறையைப் பார்த்தியா?"

"அவர்தான் தொறந்து காட்டினாரு."

"வார்னிஷ் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு சுவர் முழுக்க." அவன் குரல் இறங்கியது. "இருக்குன்னு எழுதினா இன்ஜினியர் வரணும்னு சொல்லுவாங்க. அவன் வர்றதுக்கு மூணு வாரம் ஆகும். பாலிசி கைவிட்டுப் போயிடும்னு இல்லைன்னு எழுதிட்டேன். தீப்பிடிக்கும்னு நான் கனவா கண்டேன்?"

வக்கீல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. கதவு திறந்தது உண்மை, காட்டியது உண்மை. ரசீது கேட்டு அவரை அழவைத்தவள் அவள்.

"அண்ணி, நான் கூண்டுல என்ன சொல்லட்டும்?"

"நான் சொல்லிக் குடுக்கக் கூடாதும்மா. நீ கம்பெனி சாட்சி. நான் கம்பெனி வக்கீல்."

"அக்கான்னு கேட்டா?" என்றான் பம்பரம்.

"அக்காவா கேட்டா இப்பவே உன்னை அறைஞ்சிருப்பேன். எழுந்திரு. நேரமாச்சு."

அவர்கள் போனதும் கணக்கு வாத்தியார் காபியை அவள் முன் நகர்த்தினார். "தப்பாப் போட்ட கணக்கை அடிச்சிட்டு மறுபடி போடலாம். மையைக் கொட்டி மூடினா மார்க் கிடையாது."

"வாத்தியார் வேலையை ஸ்கூலோட வச்சுக்கங்க" என்றாள். காபியைத் தொடாமல் எழுந்தாள்.

*

நீதிமன்றத்தின் இரண்டாம் மாடித் தாழ்வாரம். தண்ணீர்க் குழாயை ஒட்டிய ஜன்னலருகே மேனேஜர் காத்திருந்தார். சலவைச் சட்டை. கையில் நீளமான வெள்ளை உறை.

"குட் மார்னிங் மேடம். ஒரிஜினல் சான்று கிடைச்சாச்சு. இதோ இன்னொண்ணும் இருக்கு." உறையை லேசாக ஆட்டினார். "மத்தியானம் தர்றதா இருந்தேன். இப்பவே வாங்கிக்கறீங்களா?"

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அந்த ஏஜென்ட் என் தம்பி பொண்டாட்டி."

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. உடனே இறங்கியது. "அப்படியா! நல்லதாப் போச்சு. பயப்படாம பேசுவாங்க."

"அந்தத் தேதியில அவ கடைக்குப் போயிருக்க முடியாது. ஆஸ்பத்திரியில பிரசவம். நாள் பூரா நான் கூட இருந்தேன். சான்று பொய்."

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"இப்ப உங்களுக்கும்."

மேனேஜர் ஜன்னல் வழியே கீழே நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்தார். "மேடம், எதிர்ல இருக்கிறது தும்மல் வக்கீல். அவர் கோப்பைத் தொறந்து தூசிக்குத் தும்மி முடிக்கிறதுக்குள்ள சாட்சி இறங்கிடும். ஆஸ்பத்திரியைப் பத்தி அவர் எங்க கேக்கப் போறாரு? அஞ்சு நிமிஷ வேலை."

"அவளைக் கூண்டேத்தாதீங்க. கடைக்காரரோட பேசி முடிச்சிடுங்க. கம்பெனிக்கு அதுதான் நல்லது."

"ஏஜென்ட் இல்லாட்டி நமக்குக் கேஸே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்."

இன்னும் சொல்ல வேண்டியது பாதி இருந்தது. வார்னிஷைத் தம்பி கண்ணால் பார்த்திருக்கிறான் என்ற பாதி. அது தொண்டை வரை வந்து அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது. சொன்னால் இந்த மனிதர் அடுத்த நிமிஷம் போலீசுக்குப் போன் போடுவார். தம்பிக்கு வேலை போகும், விலங்கு வரும்.

முக்கியமான தகவலை மறைத்தல். இருபத்திரண்டு வருடமாக இந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லித்தான் அவள் எதிராளிகளைத் தோற்கடித்திருக்கிறாள். இப்போது மறைப்பது அவள்.

"நான் இந்த வழக்கிலேர்ந்து விலகிக்கறேன்" என்றாள்.

மேனேஜர் வெள்ளை உறையை மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உங்க இஷ்டம் மேடம். நம்ம இன்னொரு வக்கீல் கண்ணாடிக்காரர் கீழதான் இருக்காரு. அவர் விசாரிப்பாரு. சாட்சி வந்தாச்சு, சாட்சி ஏறியே ஆகணும்."

*

விலகக் காரணம் கேட்டார் நீதிபதி. "தொழில் ஒழுக்கம் சார்ந்தது. அதற்கு மேல் சொல்ல இயலாத நிலை" என்றாள். நீதிபதி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவள் வக்கீல்கள் வரிசையைவிட்டு எழுந்து, பார்வையாளர் பெஞ்சுக்குப் போனாள்.

பெஞ்சின் ஓரத்தில் மரக்கடைக்காரர். அவளைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு எழுந்து நின்றே பழகிய உடம்பு. அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசி வரிசையில் பம்பரம், மடியில் குழந்தை.

தம்பி மனைவி கூண்டேறினாள். பிரமாணம் எடுத்தாள். கண்ணாடிக்காரர் சான்றை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இதில் உள்ளபடி கடையை நேரில் பார்த்தீர்களா?"

தம்பி மனைவி கூண்டின் கட்டையைப் பிடித்தாள். 'ஆமா' என்று ஒரு சொல் வந்தால் தம்பி தப்பிப்பான். அதே சொல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரை முடித்துவிடும்.

"பார்க்கலைங்க."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வி புரிந்ததா அம்மா? இந்தத் தேதியில்..."

"நல்லாப் புரிஞ்சுதுங்க. அந்தத் தேதியில நான் பார்த்தது ஆஸ்பத்திரி விட்டத்தை மட்டும்தான். என் பொண்ணு அன்னைக்குத்தான் பொறந்தா."

பார்வையாளர் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"பிறகு எப்படிக் கையெழுத்து?"

"வெத்துப் படிவத்துல போட்டதுங்க. எழுதி நிரப்பினது என் வீட்டுக்காரர். படிச்சுப் பார்க்காதது என் தப்பு."

தும்மல் வக்கீல் எழுந்தார். எல்லோரும் தும்மலுக்குக் காத்திருந்தார்கள். வரவில்லை.

"அன்று உங்களோடு ஆஸ்பத்திரியில் வேறு யாராவது இருந்தார்களா?"

"அண்ணி இருந்தாங்க. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும்."

"எந்த அண்ணி?"

தம்பி மனைவி கை நீட்டிக் காட்டினாள். நீதிமன்றம் மொத்தமும் திரும்பிப் பொடியெழுத்தைப் பார்த்தது.

தும்மல் வக்கீலின் முகத்தில் முப்பது வருடத் தொழிலுக்கான பலன் ஒரே நிமிடத்தில் வந்து சேர்ந்தது. "கனம் நீதிபதி அவர்களே, அந்த அம்மையார் இங்கேயே இருக்கிறார். அவரை இப்போதே விசாரிக்க அனுமதி வேண்டும்."

"உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" நீதிபதி அவளைக் கேட்டார்.

உண்டு என்று சொல்லியிருக்கலாம். அவகாசம் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது, எத்தனை வாரம் இழுப்பது என்று அவளைவிடத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

"இல்லை ஐயா."

அங்கியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். கூண்டுக்கு மூன்று படிகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

தேதியைக் கேட்டார். சொன்னாள். ஆஸ்பத்திரியைக் கேட்டார். அதையும் சொன்னாள். இவ்வளவுதான் என்று நினைத்தபோது தும்மல் வக்கீல் கோப்பை மூடினார்.

"உங்கள் தம்பி அந்தக் கடையைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாரா?"

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன்! இவர் இன்று காலை வரை எங்கள் வக்கீல்!"

"உங்கள் கட்சிக்காரர் கம்பெனியா, இவருடைய தம்பியா?" என்றார் நீதிபதி. "பதில் சொல்லலாம் அம்மா."

கூண்டிலிருந்து பார்த்தால் கடைசி வரிசை நேர் எதிரே தெரிந்தது. பம்பரம் அசையாமல் இருந்தான். தலையை மட்டும் மிக லேசாக, வேண்டாம் என்று ஆட்டினான். சின்ன வயதில் அப்பாவிடம் அவனைக் காட்டிக்கொடுக்கப் போகும்போதெல்லாம் இப்படித்தான் ஆட்டுவான். ஒருமுறைகூடக் காட்டிக்கொடுத்ததில்லை.

பார்வையை இழுத்தாள். அது மரக்கடைக்காரர் மேல் போய் விழுந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. இவளிடமிருந்து தனக்குச் சாதகமாக ஒரு சொல் வரும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. கையிலிருந்த பழைய துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொன்னான்" என்றாள். கோர்ட்டில் பேசும் குரல் அவளுக்கு வரவில்லை. "கடைக்குப் போனதாச் சொன்னான். இவர் கதவைத் தொறந்து காட்டினாராம். ஒரு சுவர் முழுக்க வார்னிஷ் இருந்ததைப் பார்த்துட்டுத்தான் இல்லைன்னு எழுதியிருக்கான். இவர் எதையும் மறைக்கலை."

துணிப்பையின் காதை முறுக்கிய கை நின்றது. மரக்கடைக்காரர் முதன்முறையாக நிமிர்ந்தார். நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியாத முகம். பின் அதைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"அந்தத் தம்பி எங்கே?" என்றார் நீதிபதி.

கடைசி வரிசையில் குழந்தை தனியாக உட்கார்ந்து பெஞ்சைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தது.

*

தாழ்வாரத்தில் தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். வக்கீல் நாலாவது முறையாகத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அதே குரல் அதே மரியாதையோடு சொன்னது.

"கோவமா இருக்கியா என் மேல?" என்றாள்.

"உங்க மேல எதுக்கு அண்ணி? மொதல்ல சொன்னது நான்தானே." கண்ணீர் வந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "வீட்டுக்கு வரட்டும், அவரை நான் பார்த்துக்கறேன். ஆனா இன்னொண்ணு இருக்கு. ஜட்ஜ் கேக்கலை, அதனால சொல்லலை."

"என்ன?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற அன்னைக்குக் காலையில, திரும்பி வர்றதுக்கு எத்தனை நாள் ஆகுமோன்னு, கட்டா ஒரு இருபது சான்று நீட்டினாரு. வலியோட போட்டுக் குடுத்தேன். மரக்கடை அதுல ஒண்ணு."

வக்கீலின் கை கைப்பேசியோடு அப்படியே நின்றது.

பத்தொன்பது கடைகள். பத்தொன்பது பேர் இந்த நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைத்து, தங்களுக்குப் பாலிசி இருக்கிறது என்ற தைரியத்தில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எவர் பின்னறையில் என்ன இருக்கிறதோ. எதில் என்ன பொய் எழுதியிருக்கிறதோ.

"எந்தெந்தக் கடைன்னு தெரியுமா உனக்கு?"

தம்பி மனைவி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நான் எங்கே அண்ணி பார்த்தேன்? அவருக்கு மட்டும்தான் தெரியும்."